பள்ளி நிலம் பொது நகராட்சி நிலமாகும்போது: மாசசூசெட்ஸ் டவுன்களில் வாழும் தமிழர்களுக்கான கேள்வி பதில்கள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டவுன்களில் வாக்காளர்களோ அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களோ கூடி டவுனின் முடிவுகளை எடுக்கும் வசந்தகால டவுன் மீட்டிங் நெருங்கும்போது, வாக்காளர்களுக்கு வாரண்ட் எனப்படும் பொருள்நிரல் வெளியிடப்படும். அதில் பல ஆண்டுகளில் இப்படி ஒரு தீர்மானம் இடம்பெறுகிறது: டவுனுக்குச் சொந்தமான இன்ன நிலத்தின் பராமரிப்பு, பாதுகாப்பு, மேலாண்மை, கட்டுப்பாடு ஆகியவற்றைப் பள்ளிக்குழுவிடமிருந்து செலக்ட் போர்டுக்கு, பொது நகராட்சிப் பயன்பாட்டுக்காக மாற்றலாமா? செலக்ட் போர்டு என்பது டவுனின் நிர்வாகத்தைக் கவனிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு; பள்ளிக்குழு என்பது பொதுப் பள்ளிகளைக் கவனிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. நான்கே வரிகளில் வரும் இந்தத் தீர்மானத்தைப் பலர் நிர்வாகச் சடங்காக எண்ணிக் கைதூக்கிவிடுகிறார்கள். குழந்தைகளின் பள்ளிக்காகவே இத்தகைய டவுன்களைத் தேடி வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு இது அக்கறையுடன் படிக்க வேண்டிய ஒன்று என்பதால், அடிக்கடி எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்படுகின்றன. இவை பொதுவான விளக்கங்களே. ஒரு குறிப்பிட்ட நிலத்தைப் பற்றிய சட்ட ஆலோசனையை அந்த டவுனின் வழக்கறிஞரிடமிருந்தோ தனி வழக்கறிஞரிடமிருந்தோதான் பெற வேண்டும்.

பள்ளி நிலம் யாருக்குச் சொந்தம்: பள்ளிக்குழுவுக்கா, டவுனுக்கா?

உரிமை டவுனுடையது; பொறுப்பு பள்ளிக்குழுவுடையது. மாநிலப் பொதுச் சட்டங்களின் 71-ஆம் அத்தியாயம் பள்ளிக் கட்டடங்களின் பொது மேற்பார்வையைப் பள்ளிக்குழுவிடம் ஒப்படைத்திருக்கிறது. எந்தக் குழுவின் பொறுப்பிலும் விடப்படாத நிலம் 40-ஆம் அத்தியாயத்தின் 3-ஆம் பிரிவின்படி செலக்ட் போர்டின் கட்டுப்பாட்டில் இருக்கும். ஆகவே இந்தத் தீர்மானத்தால் நிலம் கைமாறுவதில்லை. தீர்மானம் நிறைவேறிய மறுநாளும் அது டவுனின் நிலமாகவே இருக்கும். அந்த நிலத்தில் என்ன நடக்கலாம் என்பதை முடிவு செய்யும் இடம்தான் மாறுகிறது.

பல டவுன்கள் சேர்ந்து நடத்தும் வட்டாரப் பள்ளி மாவட்டங்களில் நிலைமை வேறு. அங்கே நிலம் மாவட்டத்தின் பெயரிலேயே இருக்கலாம், அல்லது டவுன் அதை மாவட்டத்துக்குக் குத்தகைக்கு விட்டிருக்கலாம். அப்போது வட்டார உடன்படிக்கையைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இத்தகைய தீர்மானங்கள் ஏன் வருகின்றன?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் குழந்தைகளின் எண்ணிக்கை பெருகியபோது, பாஸ்டனைச் சுற்றியுள்ள டவுன்கள் வேகவேகமாகப் பள்ளிகளைக் கட்டின. எதிர்காலப் பள்ளிக்கென்று வெற்று நிலங்களையும் வாங்கி வைத்தன. 1970-களில் அந்தத் தலைமுறை படித்து வெளியேற வகுப்பறைகள் காலியாயின. 1980 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற ‘இரண்டரைச் சட்டம்’ என்னும் சொத்துவரிக் கட்டுப்பாடு, டவுன் வசூலிக்கும் மொத்தச் சொத்துவரி ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்கு மேல் உயர்வதற்குத் தடை போட்டது. புதிய கட்டுமானங்களால் வரும் வரியும், வாக்காளர்கள் தனியே வாக்களித்து ஏற்கும் உயர்வும் மட்டுமே விதிவிலக்கு. ஆள் குறைந்த பள்ளிகளைத் திறந்து வைத்திருக்கப் பணம் இல்லாமற்போனதால் பல டவுன்கள் அவற்றை மூடின.

அந்தக் கட்டடங்களில் சில இன்றும் பொதுமக்களுக்குப் பயன்படுகின்றன. கான்கார்டின் பழைய எமர்சன் பள்ளி கலை மையமாயிற்று. மேற்கு கான்கார்டின் ஹார்வி வீலர் பள்ளியில் முதியோருக்கான சேவைகளும் சமூகக் கூடமும் இயங்குகின்றன. லெக்சிங்டனின் மன்ரோ பள்ளியும் கலை மையமே. லெக்சிங்டனின் மஸ்ஸி பள்ளியோ அடுக்கு வீடுகளாகிவிட்டது.

இப்போது வரும் தீர்மானங்களுக்குக் காரணங்கள் வேறு. தீயணைப்பு நிலையம் கட்டவோ, பொதுப்பணித் துறைக்கு வாகனக் கூடம் அமைக்கவோ, குடிநீர்க் கிணறு தோண்டவோ, குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு வீடு கட்டவோ இடம் தேடும் டவுனுக்கு வெளிச் சந்தையில் நிலம் வாங்குவது எட்டாத விலையாகிவிட்டது. கையில் இருப்பதில் பெரிய சமதள நிலம் பெரும்பாலும் பள்ளி நிலம்தான். இந்தத் தேவைகள் உண்மையானவை. தீயணைப்பு வண்டி வரத் தாமதமாகும் பகுதியில் வாழ்பவரிடம் பள்ளி நிலத்தைத் தொடவே கூடாது என்று வாதிடுவது நியாயமாகாது.

சட்டப்படி இது எந்த வரிசையில் நடக்க வேண்டும்?

40-ஆம் அத்தியாயத்தின் 15ஏ பிரிவு இதற்கான வழியைச் சொல்கிறது. முதலில், நிலத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் குழு, அதாவது பள்ளிக்குழு, இந்த நிலம் பள்ளித் தேவைக்கு இனி வேண்டியதில்லை என்று திறந்த கூட்டத்தில் முடிவு செய்து, அதைச் செலக்ட் போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பிறகு டவுன் மீட்டிங் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் நிலத்தின் பொறுப்பை அதே குழுவுக்கோ வேறொரு குழுவுக்கோ, வேறொரு குறிப்பிட்ட நகராட்சி நோக்கத்துக்காக மாற்றலாம். டவுனுக்கு அந்த நிலம் கிடைத்தபோது விதிக்கப்பட்ட நிபந்தனை எதையும் மாற்றம் மீறினால் அது செல்லாது என்றும் அதே பிரிவு கூறுகிறது.

இவற்றுள் முதல் படியே இன்றியமையாதது. பள்ளிக்குழு தேவையில்லை என்று முடிவெடுக்காத வரை டவுன் மீட்டிங் எவ்வளவு பெரும்பான்மையுடன் வாக்களித்தாலும் இந்தப் பிரிவின்கீழ் நிலம் மாறாது. பள்ளிக்குழு இனிமேல்தான் கூடி முடிவெடுக்கும் என்ற நிலையிலேயே சில டவுன்களில் தீர்மானம் வாரண்டில் ஏறிவிடுகிறது. அப்படியானால் அந்தக் கூட்டத்தின் தேதியை அறிந்து அங்கே போய்ப் பேசுவதே பயனுள்ளது. டவுன் மீட்டிங் மேடையில் கிடைக்கும் மூன்று நிமிடத்தைவிடப் பள்ளிக்குழுவின் சிறிய கூட்டத்தில் சொல்லப்படும் வாதம் கூடுதல் கவனம் பெறும்.

‘பொது நகராட்சிப் பயன்பாடு’ என்றால் எதற்கெல்லாம் இடம் உண்டு?

ஏறக்குறைய டவுன் சட்டப்படி செய்யக்கூடிய எதற்கும் இடம் உண்டு. கேள்வியும் அங்கேதான் பிறக்கிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக வைத்திருக்கும் நிலத்துக்குத்தான் 15ஏ பிரிவின் இரட்டைப் பாதுகாப்பு உண்டு: பொறுப்பாளரின் முடிவு ஒன்று, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு மற்றொன்று. பொது நகராட்சிப் பயன்பாடு என்ற விரிந்த தலைப்பின்கீழ் செலக்ட் போர்டிடம் போன நிலம் பின்னர் வாகன நிறுத்தமாகவும், அதற்குப் பின் சேமிப்புக் கிடங்காகவும் மாறினால், ஒவ்வொரு முறையும் அதே அளவு ஒப்புதல் தேவை என்று வாதிடுவது கடினமாகும். தீயணைப்பு நிலையத்துக்காக என்று மேடையில் சொல்லப்பட்டிருக்கலாம். தீர்மானத்தில் எழுதப்படாத வரை அந்த வாக்குறுதி அடுத்த செலக்ட் போர்டைக் கட்டுப்படுத்தாது.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஆய்வு முடியுமுன் இன்ன கட்டடம்தான் என்று எழுதிவிட்டு, மண் பரிசோதனையில் அது பொருந்தாது என்று தெரிந்தால், மீண்டும் ஒரு டவுன் மீட்டிங் கூட்ட வேண்டியிருக்கும். ஆனால் சட்டத்தின் வாசகமே வேறொரு ‘குறிப்பிட்ட’ நோக்கம் என்று பேசுவதால், நோக்கங்களைப் பெயர் சொல்லி எழுதுவதுதான் முறையானது என்பது என் உறுதியான கருத்து. தீயணைப்பு நிலையம், அதைச் சார்ந்த வாகன நிறுத்தம், எஞ்சிய பகுதியில் விளையாட்டுத் திடல் என்று மூன்று நோக்கங்களை எழுதினாலும் டவுனுக்குப் போதிய நெகிழ்ச்சி கிடைக்கும்.

யார் வாக்களிக்கலாம்? மூன்றில் இரண்டு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

கூட்டத்தில் பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆக்டன், கான்கார்டு, வெஸ்ட்ஃபோர்டு போன்ற டவுன்களில் கூட்டம் எல்லோருக்கும் திறந்தது. பதிவு பெற்ற வாக்காளர் எவரும் நேரில் வந்து வாக்களிக்கலாம். ஆர்லிங்டன், லெக்சிங்டன், ஷ்ரூஸ்பரி போன்றவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிப்பார்கள். ஆர்லிங்டனில் அவர்கள் 252 பேர். உங்கள் வட்டார உறுப்பினர் யார் என்று டவுன் கிளார்க் அலுவலகம் சொல்லும். கூட்டத்துக்கு முன்பே அவர்களுக்கு எழுதுங்கள்.

திறந்த கூட்டத்தில் ஆள் வருகை மிகக் குறைவாக இருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பல்லாயிரம் வாக்காளர்கள் உள்ள டவுனில் சில நூறு பேரின் கையே இதை முடிவு செய்கிறது. எதிர்ப்பவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலே போதும் என்பதால், பத்துக் குடும்பங்கள் வருவதும் வராததும்கூட முடிவை மாற்றக்கூடும்.

பள்ளியின் விளையாட்டுத் திடலும் இப்படி மாறிவிடுமா?

மாறலாம், மாறாமலும் போகலாம். அந்தத் திடலின் வரலாற்றைப் பொறுத்தது அது. மாசசூசெட்ஸ் அரசமைப்பில் 1972-இல் சேர்க்கப்பட்ட 97-ஆம் திருத்தப் பிரிவு, இயற்கைப் பாதுகாப்புக்கும் பூங்காவுக்குமாகப் பெறப்பட்ட பொது நிலத்தை வேறு பயனுக்குத் திருப்ப வேண்டுமானால், மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்கிறது. அத்தகைய நிலத்துக்கு டவுன் மீட்டிங்கின் வாக்கு மட்டும் போதாது. 2022 நவம்பரில் கையெழுத்தான சட்டத்தின்படி, இப்படித் திருப்பப்படும் நிலத்துக்கு ஈடாக மாற்று நிலம் தருவது பொதுவிதியாகிவிட்டது.

ஒரு திடல் இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறதா என்பதற்கு வெஸ்ட்ஃபீல்டு நகரின் கிராஸ் தெரு விளையாட்டுத் திடல் வழக்கு வழிகாட்டுகிறது. 1979-இல் அந்த நகரம் இந்தத் திடலைச் சீரமைக்க, நில, நீர்ப் பாதுகாப்பு நிதி என்னும் கூட்டரசு நிதியிலிருந்து உதவி பெற்றது. அந்த நிதியை ஏற்றால் இடத்தைத் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பின்னர் நகரம் அங்கே தொடக்கப் பள்ளி கட்ட முனைந்தபோது குடியிருப்போர் வழக்குத் தொடுத்தார்கள். பத்திரத்தில் பூங்கா என்ற கட்டுப்பாடு பதிவாகாவிட்டாலும், பொதுப் பூங்காவாக அர்ப்பணிக்கும் எண்ணம் ஐயமின்றித் தெரிந்து, மக்களும் அப்படியே பயன்படுத்தி ஏற்றிருந்தால், நிலம் 97-ஆம் பிரிவின் பாதுகாப்பைப் பெறும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் திடல் பள்ளியாக மாறவிருந்தது; நம் கேள்வியில் திசை வேறு. ஆனாலும் நெறி ஒன்றே.

பள்ளி வளாகத்தில் உள்ள திடல் என்பதால் மட்டும் அது பூங்காவாகிவிடாது. சீரமைப்புக்கு அத்தகைய உதவித்தொகை வந்ததா, டவுன் மீட்டிங் எப்போதேனும் அதைப் பூங்கா என்று தனியே அறிவித்ததா, பொறுப்பு பள்ளிக்குழுவிடம் இருந்ததா பூங்கா ஆணையத்திடம் இருந்ததா ஆகியவற்றை ஆவணங்களில் தேட வேண்டும்.

நிலத்தை நன்கொடையாகத் தந்தவர் நிபந்தனை விதித்திருந்தால்?

பள்ளிக்கு மட்டுமே என்று எழுதிக் கொடுக்கப்பட்ட நிலம் நியூ இங்கிலாந்து டவுன்களில் அரிதன்று. நம் ஊரில் நிலம் வாங்குமுன் வில்லங்கம் பார்ப்பது போலவே, இங்கே மாவட்டப் பத்திரப் பதிவகத்தின் இணையதளத்தில் பழைய பத்திரத்தைப் பார்க்கலாம். பள்ளியாக இல்லாதபோது நிலம் கொடுத்தவரின் வாரிசுகளுக்கே திரும்பும் என்றிருந்தாலோ, அறக்கட்டளைத் தன்மையுள்ள நிபந்தனை இருந்தாலோ, டவுன் மீட்டிங் வாக்கு அதை அழிக்காது. நீதிமன்றத்தையும் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தையும் நாட வேண்டியிருக்கும்.

மாநிலப் பணத்தில் கட்டிய பள்ளியானால்?

மாநிலத்தின் பள்ளிக் கட்டட ஆணையம் நிதியுதவி செய்த கட்டடத்தை விற்றாலோ பள்ளிப் பயனிலிருந்து எடுத்தாலோ, உதவித்தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்க அதற்கு உரிமை உண்டு. அந்தத் தொகை எவ்வளவு என்று நிதிக்குழுவிடம் கூட்டத்துக்கு முன்பே கேளுங்கள்.

செலக்ட் போர்டிடம் போன நிலத்தை அது விற்றுவிட முடியுமா?

தானாக விற்க முடியாது. விற்பனைக்கு டவுன் மீட்டிங் தனியே அனுமதி தர வேண்டும். ஆனால் சில தீர்மானங்களில் பொறுப்பு மாற்றத்தோடு ‘விற்கவும் குத்தகைக்கு விடவும் செலக்ட் போர்டுக்கு அதிகாரம் அளிக்கவும்’ என்ற சொற்றொடரும் கூடவே இருக்கும். அது இருந்தால் அந்த அனுமதி ஒரே வாக்கில் போய்விடுகிறது என்று பொருள். இரண்டையும் பிரித்து வாக்கெடுக்கக் கோருவது நல்லது.

விற்பதானாலும் குத்தகைக்கு விடுவதானாலும், மதிப்பு 35,000 டாலருக்கு மேல் என்றால் 30பி அத்தியாயத்தின்படி பொது விளம்பரம் செய்து ஒப்பந்த முன்மொழிவுகள் கோர வேண்டும். விற்றுவரும் பணத்தை ஆசிரியர் சம்பளம் போன்ற அன்றாடச் செலவில் போட முடியாது. 44-ஆம் அத்தியாயம் அதைக் கடன் அடைக்கவும் நீண்டகால மூலதனச் செலவுக்குமே ஒதுக்குகிறது. இந்த நிலத்தை விற்றால் பள்ளி வரவுசெலவின் பற்றாக்குறை தீரும் என்று எவரேனும் சொன்னால், அந்தப் பிரிவை அவருக்கு எடுத்துக்காட்டலாம்.

மாணவர் எண்ணிக்கை மீண்டும் கூடினால் என்ன ஆகும்?

என்னைக் கேட்டால், எல்லாக் கேள்விகளிலும் கனமானது இதுதான். ஆர்லிங்டனின் கிப்ஸ் பள்ளியைப் பாருங்கள். மாணவர்கள் குறைந்ததால் 1980-களின் இறுதியில் அந்த நடுநிலைப் பள்ளி மூடப்பட்டது. டவுன் கட்டடத்தை விற்கவில்லை. கலை மையம் உள்ளிட்ட அமைப்புகளுக்கு வாடகைக்கு விட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது பொது வாழ்வின் ஒரு பகுதியாக இருந்து வாடகையும் ஈட்டித் தந்தது. பிறகு ஆர்லிங்டனில் குழந்தைகள் பெருகி, இருக்கும் நடுநிலைப் பள்ளியில் இடம் போதாமற்போனபோது, டவுன் அதே கட்டடத்தைப் புதுப்பித்து 2018-இல் ஆறாம் வகுப்புக்கான பள்ளியாகத் திறந்தது. குடியிருந்த அமைப்புகள் வேறிடம் தேட வேண்டிய சிரமம் இருந்தது உண்மையே. ஆயினும் வீடுகள் நெருங்கிய அந்த டவுனில் அப்போது புதிதாக ஒரு பள்ளி நிலத்தை எங்கே தேடியிருப்பார்கள்?

மாணவர் தொகைக் கணிப்புகள் பிறப்பு எண்ணிக்கையையும் வீட்டு விற்பனையையும் வைத்துச் சில ஆண்டுகளுக்குச் செய்யப்படுபவை. தொலைவான ஆண்டுகளுக்குப் போகப் போக அவற்றின் நம்பகம் குறையும். ஒரு நிலத்தை விட்டுக்கொடுப்பதோ தலைமுறைகளுக்கான முடிவு. முதியவர்கள் வீடுகளை விற்று, இளம் குடும்பங்கள் அதே தெருக்களில் குடியேறும்போது, ஒரு புதிய வீடுகூடக் கட்டப்படாமலே வகுப்பறைகள் நிரம்பும். நம் குடும்பங்கள் பலவும் அப்படி வந்தவையே.

ஆகவே நிலத்தைப் பொதுப் பயனுக்கு மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. திரும்பப் பெற முடியாதபடி மாற்றுவதையே எதிர்க்கிறேன். விற்பனையைவிடக் குத்தகை மேல். முழு வளாகத்தை மாற்றுவதைவிட, அளந்து பிரித்த ஒரு பகுதியை மாற்றுவது மேல். கட்டடத்தை இடிப்பதைவிட, இன்னொரு பொதுப் பணிக்குக் கொடுத்து வைத்திருப்பது மேல்.

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளி அந்தக் கட்டடத்தில்தான் நடக்கிறது. அது பாதிக்கப்படுமா?

அனுமதி தரும் அலுவலகம் மாறும். இதுவரை பள்ளி மாவட்டத்தின் கட்டட வாடகைக் கொள்கைப்படி விண்ணப்பித்திருப்பீர்கள். மாற்றத்துக்குப் பின் டவுன் நிர்வாகம் வகுக்கும் கட்டணமும் நேரமும் பொருந்தும். நடப்பு ஆண்டின் எழுத்து அனுமதியைப் புதிய பொறுப்பாளர் ஏற்பார் என்ற உறுதியை மாற்றத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். கட்டடம் மூடப்படும் காலத்தில் வெப்பமூட்டல் நிறுத்தப்படுமா என்பதையும் கேளுங்கள். ஜனவரியில் அது சிறிய விஷயமன்று.

தீர்மானத்தின் வாசகத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

நிலத்தின் எல்லை முதலில். மதிப்பீட்டு அலுவலகத்தின் மனை எண் மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால், அந்த எண்ணுக்குள் பள்ளியும் திடலும் காடும் சேர்ந்தே இருக்கலாம். எனவே அளவை வரைபடம் ஒன்று இணைக்கப்பட வேண்டும். அடுத்து, நோக்கம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, திடலையும் நடைபாதையையும் பள்ளி தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறித்த ஆண்டுகளுக்குள் கட்டுமானம் தொடங்காவிட்டால் பொறுப்பைப் பள்ளிக்குழுவிடம் திருப்பும் தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு விதியையும் கேட்கலாம்.

திறந்தவெளியாகவே இருக்கும் என்று சொல்லப்படும் பகுதிக்குப் பதிவகத்தில் பதிவு பெற்ற கட்டுப்பாடு இருக்க வேண்டும். ஹான்சன் டவுனில் ஒரு நிலத்தை இயற்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கி 1971-இல் டவுன் மீட்டிங் வாக்களித்தது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு பத்திரமாகப் பதிவாகவில்லை. பின்னர் டவுனே அதை ஏலத்தில் விற்றது. 2005-இல் மாநில உச்ச நீதிமன்றம் வாங்கியவரின் உரிமையையே நிலைநிறுத்தியது.

கூட்டத்திலேயே திருத்தம் கொண்டுவர நினைத்தால், அதை எழுதி, கூட்டத்தை நடத்தும் மாடரேட்டரிடமும் டவுன் வழக்கறிஞரிடமும் முன்கூட்டியே காட்டுங்கள். வாரண்டில் அறிவித்த பொருளின் எல்லையைத் தாண்டிய திருத்தம் ஏற்கப்படாது.

குடியுரிமை இல்லாத நான் என்ன செய்ய முடியும்?

வாக்களிக்க முடியாது, மற்றவை பெரும்பாலும் முடியும். பள்ளிக்குழு, செலக்ட் போர்டு கூட்டங்கள் திறந்த கூட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் நீங்கலாக 48 மணி நேரத்துக்கு முன் அவற்றின் பொருள்நிரல் வெளியாக வேண்டும், எவரும் சென்று கேட்கலாம். பொதுமக்கள் கருத்துக்கு நேரம் ஒதுக்கும் குழுக்களில் பேசலாம். டவுன் மீட்டிங்கில் வாக்காளர் அல்லாதவர் பேச மாடரேட்டர் அல்லது கூட்டத்தின் அனுமதி வேண்டும். முன்கூட்டியே கேட்டால் பல டவுன்களில் கிடைக்கிறது. மாணவர் தொகைக் கணிப்பு, பத்திர ஆய்வு, மண் ஆய்வு ஆகியவற்றின் நகல்களைப் பொது ஆவணச் சட்டத்தின்படி குடியுரிமை பேதமின்றி யாரும் கோரலாம். 10 வேலை நாட்களுக்குள் அலுவலகம் பதில் தர வேண்டும்.

நாங்களே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆண்டுக் கூட்டத்தின் வாரண்டில் ஒரு தீர்மானத்தைச் சேர்க்கப் பதிவு பெற்ற 10 வாக்காளர்களின் கையெழுத்து போதும். சிறப்புக் கூட்டத்துக்கு 100 கையெழுத்து வேண்டும். வாரண்ட் மூடப்படும் தேதி டவுனுக்கு டவுன் வேறுபடும், பெரும்பாலும் குளிர்காலத்திலேயே வந்துவிடும். ஆனால் பள்ளி நிலத்தைப் பள்ளிக்கே நிலையாக வைத்திருக்கக் கோரும் தீர்மானமானாலும், குறித்த பகுதியைப் பூங்கா ஆணையத்துக்கு மாற்றக் கோருவதானாலும், அதை முதலில் பள்ளிக்குழுவிடம் கொண்டுபோங்கள்; 15ஏ பிரிவின்படி எந்த மாற்றமும் அந்த மேசையில்தான் தொடங்க வேண்டும்.